கொச்சிக் கால்பந்துக் கழகங்களின் ஏற்றமும் இறக்கமும்

பிராட்வே என்றதும் சென்னைவாசிகளுக்குப் பாரிமுனைப் பேருந்து நிலையமே நினைவுக்கு வரும். கொச்சியில் அப்பெயர் பூண்ட வீதி, மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்து எறணாகுளத்தில் கரையேறியவர்கள் நடந்தே அடைந்துவிடக்கூடிய தொலைவில், துணிக்கடையும் பாத்திரக்கடையும் குடைக்கடையுமாக நெருங்கிக் கிடக்கும் பழைய கடைத்தெரு. கால்பந்துப் பருவம் பிறந்துவிட்டால் இங்கே கடைவாசலில் குறுக்கே கட்டிய கயிறுகளில் மஞ்சள் ஜெர்சிகள் தொங்கத் தொடங்கும். முழங்கை அளவுகூட இராத குழந்தைச் சட்டை முதல் பெரியவர் சட்டை வரை அவை வரிசையாகக் காற்றில் ஆடுவதைக் காணும் ஒருவன், இந்நகரத்துக்கு ஒரு நூற்றாண்டுப் பழமையுள்ள கழகம் ஏதோ இருக்க வேண்டும் என்றே எண்ணுவான். ஆனால் அந்தச் சட்டைக்குரிய கழகம் 2014-இல் பிறந்தது. அதற்கு முன்னிருந்த கழகங்கள் ஒவ்வொன்றும் புகழின் உச்சியைத் தொட்டும் நிலைக்காமல் மறைந்தன. அரை நூற்றாண்டுக் காலமாக மைதானத்தை நிரப்பி வரும் ஜனங்கள் வாழும் ஊரில், அந்த ஜனங்களுக்குரிய கழகம் ஏன் நீடித்து வாழவில்லை என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

முதலில் கழகத்தைப் போஷித்தது ஆலை. 1943-இல் தோன்றிய ஃபாக்ட் என்னும் உர நிறுவனம் உத்தியோகமண்டலத்திலும், பிரிமியர் டயர்ஸ் களமசேரியிலும் தத்தம் அணிகளை வளர்த்தன. பந்து ஆடத் தெரிந்த இளைஞனை ஆலை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அவன் வேலை நேரம் போக மீதி நேரத்தில் மைதானத்தில் பயிற்சி செய்வான். வெளியூர்ப் பந்தயத்துக்குச் சென்றால் அந்த நாட்களும் பணி நாட்களாகவே கணக்கில் ஏறும். கால் முறிந்தாலும் சம்பளம் முறியாது என்ற நம்பிக்கை இருந்ததனால்தான் ஏழைக் குடும்பத்துத் தாய்மார்கள் பிள்ளைகளைப் பந்தின் பின்னால் ஓட அனுமதித்தார்கள் என்பது என் துணிபு. இந்த ஏற்பாட்டின் பலன் 1973 டிசம்பர் 27-ஆம் தேதி மகாராஜா கல்லூரி மைதானத்தில் தெரிந்தது. சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியைக் கேரளம் 3–2 என்று வென்றது. அந்த மூன்று கோல்களையும் அடித்தவர் தலைவர் மணி. பயிற்றுவித்தவர் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ். மாநிலம் அந்தக் கோப்பையைப் பெற்றது அதுவே முதன்முறை. அன்று முதல் அம்மனிதரைக் கேரளம் ‘கேப்டன் மணி’ என்றே அழைத்து வந்தது.

அந்த அணியின் துணைத் தலைவர் டி. ஏ. ஜாஃபர் கோட்டைக் கொச்சிக்காரர். பிரிமியர் டயர்ஸ் சட்டையணிந்து ஆடியவர். பரேடு மைதானத்திலும் வெளி மைதானத்திலும் வெறுங்காலுடன் ஓடிய பிள்ளைகளுக்கு அவரைப் போன்றோரே கண்முன் நின்ற சான்று. இவரே பிற்காலத்தில் பயிற்சியாளராக இருந்து, 1992-இல் நம் கோயம்புத்தூரிலும் 1993-இல் எறணாகுளத்திலும் கேரளத்துக்குச் சந்தோஷ் கோப்பையை அடுத்தடுத்துப் பெற்றுத் தந்தார். இதற்கிடையில் போஷகரின் ஸ்தானம் ஆலையிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. வி. பி. சத்யன், ஐ. எம். விஜயன், ஷரஃப் அலி முதலியோர் ஆடிய கேரளப் போலீஸ் அணி 1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. அதுவும் உத்தியோகத்தை அடித்தளமாகக் கொண்ட அணிதான். ஆலைக்குப் பதில் காவல்துறை, அவ்வளவே வேறுபாடு.

உண்மையான திருப்பம் தொண்ணூறுகளின் நடுவில் நேர்ந்தது. 1996-இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. ஊருக்கு ஊர் பயணம் செய்து மாதக்கணக்கில் ஆடும் முறை வந்தது. அதே ஆண்டில் கொச்சியின் கலூரில் ஜவாஹர்லால் நேரு அரங்கம் எழுந்தது. 1997-இல் அங்கே நடந்த நேரு கோப்பையை இராக் வென்று சென்றது. உதைபந்துக்காகத் திரளும் ஜனசமுத்திரத்தைக் கண்ணாரக் கண்டபின், இதை வைத்து ஒரு கழகத்தை நடத்திவிடலாம் என்று வர்த்தகர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வாண்டே எஃப்.சி. கொச்சின் பிறந்தது. ஆலையின் நிழலிலோ அரசாங்கத்தின் நிழலிலோ நில்லாமல், ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு தொடங்கிய இந்தியக் கழகங்களில் அது முன்னோடி. முதல் லீக்கை வென்ற ஜே.சி.டி. அணியிலிருந்து விஜயன், ஜோ பால் அஞ்சேரி, கார்ல்டன் சாப்மன் ஆகிய மூவரையும் அது கொச்சிக்கு அழைத்து வந்தது. திருச்சூர் மைதானத்தில் சிறுவனாகச் சோடா விற்ற விஜயன், தன் மாநிலத்திலேயே தொழில்முறை ஆட்டக்காரனாகத் திரும்பி வந்து நின்ற காட்சியை எண்ணும்போது இன்றும் நெஞ்சு விம்முகிறது.

பிறந்த வருஷத்திலேயே அக்கழகம் டூராண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 3–1 என்று வீழ்த்தியது. 1888-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் கேரளத்துக் கழகம் ஒன்று கோப்பையைக் கைப்பற்றியது அதுவே முதல் தடவை. அவ்வளவு உயரத்தில் தொடங்கிய கழகம் ஐந்தே ஆண்டுகளில் கலைந்ததன் காரணத்தை ஆட்டக்காரர்களின் காலில் தேடுவது வீண். அதைக் கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும். ஆலை அணிக்குச் செலவு என்பது ஆயிரக்கணக்கான ஊழியர்களின் சம்பளப் பட்டியலில் சேர்ந்த இருபது பெயர்கள் மட்டுமே. தனிக் கழகத்துக்கோ சம்பளம், வெளிநாட்டு வீரர், விமானம், விடுதி, மைதான வாடகை யாவும் கைப்பணம். வரவோ நுழைவுச் சீட்டும் விளம்பரதாரரின் தயவும்தான். தொலைக்காட்சி வருமானம் பேருக்குக்கூட இல்லாத காலம் அது. விளம்பரதாரர் பின்வாங்கியதும் ஊதியம் பாக்கி விழுந்தது. ஊதியம் நின்றதும் வீரர்கள் கல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் பிரிந்தார்கள். 2002-இல் கழகம் இல்லாமற் போயிற்று. போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவனுக்கு ஆட்டம் போனாலும் வேலை மிஞ்சும். இவர்களுக்கு அதுவும் மிஞ்சவில்லை.

இதே காலத்தில் இத்தாலியின் சிறு நகரமான பார்மாவின் கழகமும் இவ்வாறே எழுந்து வீழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. பார்மாலாட் என்னும் பால் நிறுவனத்தின் பணத்தால் அக்கழகம் 1995-இலும் 1999-இலும் யூஃபா கோப்பையை வென்றது. 2003-இல் அந்நிறுவனம் சரிந்தபோது கழகமும் ஆட்டங்கண்டு, இறுதியில் 2015-இல் திவாலாயிற்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஊர்த் தொழிலதிபர்களும் அபிமானிகளும் கூடிப் புதுக் கழகம் அமைத்தார்கள். நான்காம் படியிலிருந்து ஆண்டுக்கொரு படியாக ஏறி 2018-இல் அது முதற்படியை மீண்டும் அடைந்தது. அங்கே ஏணி இருந்தது. வீழ்ந்தவன் கால்வைத்து ஏறுவதற்குக் கீழ்ப்படிகள் இருந்தன. கொச்சிக் கழகம் வீழ்ந்தபோது அதைத் தாங்க உறுதியான படிகள் இல்லை. கூட்டம் குறையாத ஊரில் கழகம் இறந்தது, கூட்டத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லாததால்தான் என்று நான் கருதுகிறேன்.

இடையில் 2004-இல் தோன்றிய விவா கேரளா பெயர் மாறியும் தப்பவில்லை; 2012-இல் அதுவும் மறைந்தது. பின்னர் 2014-இல் இந்தியன் சூப்பர் லீக்குடன் கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தது. சச்சின் டெண்டுல்கர் உடைமையாளர்களில் ஒருவராக இருந்ததால் அவருடைய பட்டப்பெயரின் பாதி கழகத்தின் பெயராயிற்று. கலூர் அரங்கில் மஞ்சள் வெள்ளம் புரண்டது; மஞ்ஞப்பட என்னும் அபிமானிகள் சங்கம் நாடறிந்ததாயிற்று. 2014, 2016, 2022 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களிலும் கழகம் தோற்றது. அவற்றுள் 2016-ஆம் ஆண்டுத் தோல்வி சொந்த அரங்கத்திலேயே பெனால்டி உதைகளில் நேர்ந்தது. 2018-இல் டெண்டுல்கர் தம் பங்கைக் கைவிட்டார். அதற்காக ஜனங்கள் அரங்கத்தைக் கைவிடவில்லை. இன்று 1973-இன் மகாராஜா மைதானத்துக்கும் கலூர் அரங்கத்துக்கும் ஒரே மெட்ரோ வண்டி ஓடுகிறது. ஏறி அமர்ந்தவன் இடையே மூன்றே நிலையங்களைக் கடந்து, போஷகர் பலர் மாறிய அரை நூற்றாண்டைத் தாண்டிவிடுகிறான்.

சென்ற முறை பிராட்வேக்குச் சென்றபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், “அண்ணாச்சி, பழைய எஃப்.சி. கொச்சின் சட்டை எங்கேயாவது கிடைக்குமா?” என்று கேட்டேன். மஞ்சள் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். “அதெல்லாம் இனி எங்க தம்பி கிடைக்கும்? கடையை அடைச்சிட்டுக் கலூருக்குப் போய்ப் பாத்திருக்கேன்” என்றவர், சட்டையை மடியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்: “விஜயன், அஞ்சேரி, சாப்மன்...”