இடிமழையும் முன்னறிவும்

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் 1909ஆம் ஆண்டில் ஜாமெக் பள்ளிவாசல் எழுந்தது. அதனை அடுத்துள்ளதே நம் மக்கள் நன்கறிந்த மஸ்ஜித் இந்தியா வணிகத் தெரு. தாழ்ந்த அந்நிலத்திற்கு ஆறுகள் எவ்வளவு அண்மையோ, அச்சமும் அவ்வளவு அண்மையே.

கார், கூதிர் எனப் பெரும்பொழுதை வகுத்த மரபினர் நாம். ஆயின், அக்கணக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிற்குப் பொருந்துவதில்லை. இங்கு இடிமழை மிகுவது இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலுமாகும். காலை வெயில் நிலத்தைச் சுடுகிறது. மலாக்கா நீரிணையின் ஈரக்காற்று உள்நாடு புகுகிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் அதனை மேலெழச் செய்கிறது. பிற்பகலில் இடிமுகில் திரள்கிறது.

கோலாலம்பூர் கண்ட வெள்ளங்கள் இருவகையின. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளமும், 1971 ஜனவரியில் துன் அப்துல் ரசாக் அரசு தேசியப் பேரிடராக அறிவித்த வெள்ளமும் பன்னாள் மழையால் விளைந்தவை. 2001 ஏப்ரலிலும் 2003 ஜூனிலும் நகரை மூழ்கடித்தவையோ சில மணி நேர மழையால் விளைந்தவை. மழைநீரை உறிஞ்சிய மண் சாலையாகவும் கட்டடமாகவும் மாறியபின், குறுமழையும் பெருவெள்ளமாயிற்று.

பன்னாள் மழையைச் சில நாள்களுக்கு முன்னரே ஓரளவு உய்த்துணரலாம். இடிமுகிலின் வாழ்நாளோ பெரும்பாலும் ஓரிரு மணி நேரமே. மழைத்துளிகள் திரண்ட பின்னரே ராடார் அதனைக் காட்டும். ஆகவேதான் மலேசிய வானிலைத் துறை விடுக்கும் இடிமழை எச்சரிக்கை, ஒருமுறைக்கு ஆறு மணி நேரத்திற்கு மேல் செல்லுபடியாவதில்லை.

நகரின் திடீர் வெள்ளத்தைத் தணிக்கவே 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஸ்மார்ட்' சுரங்கம் 2007ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் ஒரு பகுதி பிற நேரங்களில் வாகனச் சாலை. கடும்புயல் நேரத்தில் வெள்ள வழி. வாகனங்களை வெளியேற்றிய பின்னரே நீரை விடல் வேண்டும். காலந்தாழ்த்தினால் நகர் மூழ்கும்; வீணே விரைந்தால் போக்குவரத்து முடங்கும். எனவே, மேற்பகுதி ஆறுகளின் நீரோட்டத்தை இடைவிடாது அளந்தே முடிவெடுக்கின்றனர்.

பருவத்தை அறிதல் பண்டையோர் கண்ட அறிவு. நாழிகையை அறிதல் நம் காலம் தேடும் அறிவு. இடி எத்தெருவில் இறங்கும் என்று முற்பகலிலேயே உரைக்க இன்றும் இயலாது. அவ்வெல்லையை உணர்ந்து, நீருக்கு வழிவிட்டு நகரமைத்தலே வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.