குமுளியா, குமளியா? எல்லைப்புற ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல்

குமுளியில் சோதனைச் சாவடியையொட்டி நின்றால் ஓர் ஊருக்கு மூன்று பெயர்களைப் படிக்கலாம். தமிழ்நாட்டுப் பேருந்தின் நெற்றியில் குமுளி. அந்தப் பக்கம் மலையாளத்தில் குமளி. ஆங்கிலப் பலகையை எழுத்துக்கூட்டினால் குமிலி. நடு உயிர் ஓரிடத்தில் உகரம், ஓரிடத்தில் அகரம், மற்றோரிடத்தில் இகரம். ஆங்கிலேயன் வாயில் நுழையாமல் கெடுத்துவிட்டான் என்று சொல்லிக் கடந்துபோவது நம் வழக்கம். பாலக்காடு, இடுக்கி எல்லைப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது. இந்த எழுத்துக்கூட்டல்களுக்கு விதி உண்டு. அது ஒன்றாக இல்லாமல் பலவாக இருப்பதும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காதுக்கு உரியதாக இருப்பதுமே சிக்கல்.

ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத அசையின் உயிர் மங்கிப்போகும். 1886இல் பாரிசில் தோன்றிய பன்னாட்டு ஒலியியல் சங்கத்தின் குறியீட்டில் அந்த மங்கிய உயிருக்குத் தலைகீழாகக் கவிழ்த்த ‘இ’ எழுத்து உண்டு. ஆங்கில நெடுங்கணக்கிலோ அதற்கெனத் தனி எழுத்து இல்லை. ஐந்து உயிரெழுத்துகளில் எது வேண்டுமானாலும் அந்த வேலையைச் செய்யும். ‘லெமன்’ என்பதில் ‘ஓ’, ‘சர்க்கஸ்’ என்பதில் ‘யு’, ‘பென்சில்’ என்பதில் ‘ஐ’. முதலசையை அழுத்திக் கேட்ட ஓர் ஆங்கிலக் காதுக்குக் குமுளியின் நடு உயிர் மங்கலாக விழுந்திருக்கும். கைக்கு வந்த எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். இது என் ஊகம்தான். ஆனால் உகரத்தையும் அகரத்தையும் விட்டு இகரம் நுழைந்ததற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

கொல்லங்கோடும் பீருமேடும் இன்னும் தெளிவான சான்று. இரண்டும் ஆங்கிலத்தில் ‘இ’ எழுத்தில் முடிகின்றன. அது ஒலிக்காது, முன்னுள்ள உயிரை நீட்டுவதே அதன் வேலை. ‘கோட்’, ‘மேட்’ என்ற ஆங்கிலச் சொற்களில் இருக்கும் அதே ஊமை எழுத்து. ஆகவே பீருமேட்டின் பின்பாதியை ஆங்கிலேயர் ‘மேட்’ என்றே படிப்பார், ஏறக்குறையச் சரியாக. எழுத்துக்கு எழுத்து ஒலி உண்டு என்று நம்பும் நம்மவர்தான் ‘பீர்மடே’ என்று தடுமாறுவார். குற்றியலுகரம் மட்டும் இருவருக்கும் நழுவிவிடுகிறது.

வடக்கஞ்சேரி கதை வேறு மாதிரி. பாலக்காட்டு மாவட்டத்தில் ஒரு வடக்கஞ்சேரி, அடுத்த திருச்சூர் மாவட்டத்தில் ஒரு வடக்காஞ்சேரி. மலையாளத்தில் வேறுபாடு அகரமா ஆகாரமா என்பதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘வி’, பின்னதற்கு ‘டபிள்யூ’. தமிழருக்கும் மலையாளிக்கும் இந்த இரண்டும் ஒரே வகரம். ஒலியில் இல்லாத வேறுபாட்டை எழுத்தில் காட்டி, ஒலியில் உள்ள நெடிலை எழுத்து மறைத்துவிட்டது. ஒலிபெயர்ப்பு என்று பார்த்தால் இது தோல்வி. முகவரி என்று பார்த்தால் கடிதம் சரியான ஊருக்குப் போய்ச் சேரும்.

உள்ளூர்க் காது ஆங்கிலத்தை எப்படிக் கேட்கிறது என்பதே இதில் மிக முக்கியமானது. ‘டிக்கெட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் முதலிலும் கடைசியிலும் ஒரே எழுத்து. நாக்கு நுனி மேல்பல் ஈறைத் தொடும் ஒலி. தமிழ்நாட்டுத் தமிழர் இரண்டையும் டகரமாகவே கேட்டு எழுதுகிறோம். மலையாளி முதலாவதற்கு டகரமும் கடைசிக்கு றகர இரட்டையும் போட்டு ‘டிக்கற்ற்’ என்று எழுதுகிறார். ஈழத்தமிழர் டொராண்டோவை ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதை நம்மூரில் சிலர் கேலி செய்வதுண்டு. நம் டகரத்தின் இடத்தில் அவர்கள் வைக்கும் ரகரம் அந்தப் பல்லீற்று ஒலியைக் காத்து வைத்திருக்கிறது. ஒலியியல்படி நம் டகரத்தைவிட அவர்கள் எழுத்தே ஆங்கிலத்துக்கு நெருக்கம்.

இந்தக் கேள்விப் பழக்கம்தான் திரும்பிப்போய் நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுகிறது. ‘டேபிள்’ என்பதன் முதலெழுத்தை டகரமாகக் கேட்கிறோம். ‘திங்க்’ என்பதன் முதல் ஈரெழுத்தைத் தகரமாகக் கேட்கிறோம். எனவே தொடுபுழையின் தகரத்துக்கு அந்த ஈரெழுத்து. வடநாட்டார் அதே ஈரெழுத்தை மூச்சு சேர்ந்த தகரமாகப் படிப்பார். அது அவர் காது. இதன்மேல் இன்னொரு மரபு படிந்திருக்கிறது. வடமொழியை ரோமனில் எழுதிய அறிஞர்கள் ‘டாக்டர்’ என்பதன் முதலெழுத்தைத் தகரத்தின் மெல்லொலிக்கு வைத்து, டகரத்துக்கு அதன் கீழ் ஒரு புள்ளி இட்டார்கள். அலுவலக அச்சில் புள்ளி உதிர்ந்தது. விளைவு: ஒரே மாவட்டத்தில் இடுக்கியின் டகரத்துக்கும் தேவிகுளத்தின் தகரத்துக்கும் ஒரே எழுத்து. (‘டேபிள்’, ‘டாக்டர்’ என்று நான் சுற்றிவளைப்பதற்கும் காரணம் உண்டு. அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளின் பெயரையும் தமிழில் ‘டி’ என்றுதான் எழுத முடியும். ஒலிக்குப் பொருந்தாத எழுத்து ஆங்கிலத்தின் தனிச்சொத்து அன்று.)

‘ஒலிப்பதுபோலவே எழுதிவிட்டால் போயிற்று’ என்பது பழைய ஆசை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய ஆணை வெளிவந்தது. பாலக்காட்டுக்கு அண்டையிலுள்ள கோயம்புத்தூருக்குத் தகர இரட்டைக்காக ஈரெழுத்தை இருமுறை அடுக்க வேண்டியிருந்தது. வேலூரின் ஏகாரத்தைக் காட்ட ‘இ’ எழுத்தை இரட்டித்தார்கள். படித்தவர்களுக்கு ‘வீலூர்’ என்று விழுந்தது. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நியாயமாகச் சொன்னால், 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் வாழ்ந்த இங்கிலாந்தில் அந்த இரட்டை எழுத்து ஏகாரமாகவே ஒலித்தது. பின்னர் நெடில்களெல்லாம் இடம்பெயர்ந்தன. 1476இல் கேக்ஸ்டன் கொண்டுவந்த அச்சு எழுத்தைப் பழைய இடத்திலேயே மெல்ல மெல்ல உறைய வைத்தது. சாசரிடம் அந்த ஆணையைக் கொடுத்திருந்தால் ‘வே’ சரியாக வந்திருக்கும். ‘லூர்’ மட்டும் ‘லோர்’ ஆகியிருக்கும்.

ஆணை எழுதியோர் கவனக்குறைவால் மட்டும் இது நேரவில்லை. எழுத்துக்கு ஒலி தருவது வாசிப்பவரின் பழக்கம். ஆணையால் அதை மாற்ற இயலாது. கொழிஞ்சாம்பாறையின் ழகரத்துக்கு ஒலியியல் குறியீடு கவிழ்த்த ‘ஆர்’ எழுத்தை வலப்புற வாலோடு தருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அடிக்கோடிட்ட ‘எல்’ எழுத்தைத் தருகிறது. இரண்டும் துல்லியமானவை, வகுப்பறைக்கும் அகராதிக்கும் உரியவை. பலகையில் நிற்கும் ஈரெழுத்தோ இங்கிலாந்தார் கண்ணுக்கு ‘விஷன்’ என்பதன் நடு ஒலியையே காட்டும். ஆனாலும் எல்லையின் இருபுறத்தாரும் அதைத் தயங்காமல் ழகரமாகப் படிக்கிறார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குள் ஏற்பட்ட உடன்பாடு.

ஒரு காலத்தில் மூன்று அரசுகள் இந்தப் பெயர்களை எழுதின: பாலக்காட்டை மதராஸ் மாகாணம், சித்தூரைக் கொச்சி, தேவிகுளத்தைத் திருவிதாங்கூர். 1956இல் அவை ஒரு மாநிலத்துக்குள் வந்தன. எழுத்துகள் தத்தம் போக்கில் இருந்தன. பாலக்காட்டின் ககர இரட்டையை மாகாண அலுவலகம் ‘ஜி’ எழுத்தால் எழுதியது. மலைக்கணவாயைக் குறிக்கும் ‘காட்’ என்ற சொல்லின் சாயல் அதில் ஏறியிருக்க வேண்டும். பலகைகளில் அந்தப் பெயர் மாறிப் பல்லாண்டுகள் ஆகின்றன. பாலக்காடு சந்திப்புக்கு முன்பதிவு செய்த சீட்டில் நிலையக் குறியீடு இன்றும் ‘பி’, ‘ஜி’, ‘டி’.