ரயிலுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஓர் ஆடி மாதம். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வரும் பிள்ளைகள் எல்லாரும் லேட். ஒரு பையன் மட்டும் மணி அடிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். எப்படியடா என்றேன். "டவுன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒட்டி வந்தேன் சார், மிதிக்கவே வேண்டியதில்லை" என்றான். "பஸ் வேகத்துக்குச் சைக்கிளா? புளுகாதே" என்று பெஞ்சு மேல் ஏற்றினேன். அறிவியல் வாத்தியார் நான்!

சைக்கிள்காரனின் பெரிய எதிரி காற்று. காற்றே அடிக்காத நாளிலும் நாம் அதைப் பிளந்துகொண்டுதான் போக வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையை வெல்லக் கால் கொடுக்க வேண்டிய திறனோ எட்டு மடங்கு. மணிக்கு 15 கிலோமீட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறவன் 30-க்குப் போனால் மூச்சு வாங்குவது இதனால்தான்.

இதை அமெரிக்காவில் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் காட்டினார். பெயர் சார்லஸ் மர்ஃபி, சைக்கிள் பந்தய வீரர். தனக்கு முன்னால் காற்றை மறைக்க ஒன்று இருந்தால் எந்த ரயிலோடும் போட்டி போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே சிரித்தது. கடைசியில் லாங் ஐலண்ட் ரயில்வே அதிகாரி ஒருவர் இசைந்தார், கம்பெனிக்கு நல்ல விளம்பரமாயிற்றே! தண்டவாளத்துக்கு நடுவே இரண்டு மைலுக்கும் மேல் பலகை பதித்தார்கள். கடைசிப் பெட்டியின் பின்புறம் காற்று புகாதபடி மரத்தால் ஒரு மறைப்பு கட்டினார்கள்.

முதல் முயற்சியில் ஒரு நிமிடத்துக்குள் ஒரு மைல் என்ற இலக்கு எட்டவில்லை. காரணம் மர்ஃபியின் கால் அல்ல. எஞ்சினுக்கு அந்த வேகம் வரவில்லை! 1899 ஜூன் 30 அன்று வேறு எஞ்சின் பூட்டி மறுபடி ஓட்டினார்கள். பலகை அதிர்கிறது, தூசி முகத்தில் அடிக்கிறது. நடுவில் சற்றுப் பின்தங்கி மறுபடி எட்டிப் பிடித்தார். ஒரு மைல், 57.8 விநாடி. மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். பலகை முடியும் இடத்தில், பெட்டியில் நின்றவர்கள் ஆளையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கி மேலே போட்டார்கள். பின்னாளில் நியூயார்க்கில் போலீஸ்காரராக வேலை பார்த்தார்.

இதே காற்றை வேறு வழியில் ஏமாற்றியவர் பிரான்சின் சார்ல் மோஷே. மறைப்பு வேண்டாம், காற்றுக்குக் காட்டும் உடம்பைக் குறைத்தால் போதும் என்று, சாய்ந்து படுத்து மிதிக்கும் சைக்கிள் செய்தார். முதல்தர வீரர் என்று யாரும் சொல்லாத ஃபிரான்சிஸ் ஃபோர், 1933-ல் அதில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914 முதல் நின்ற சாதனை உடைந்தது. மறு வருஷமே சர்வதேசச் சைக்கிள் சங்கம் அந்த வண்டி சைக்கிளே இல்லை என்று ஒதுக்கிவிட்டது. எனக்கு இன்னும் இதில் வருத்தம் உண்டு. மிதித்தது மனிதக் கால்தானே?

மர்ஃபியின் வழியோ இன்றும் தொடர்கிறது. 2018-ல் அமெரிக்க உப்பு வெளியில் டெனிஸ் முல்லர் என்ற பெண்மணி, பந்தயக் காருக்குப் பின்னால் மணிக்குச் சுமார் 296 கிலோமீட்டர் வேகம் தொட்டார். அப்போது அவருக்கு வயது 45.

பேரன் பேத்திகளும் படிப்பீர்கள், அதனால் சொல்கிறேன்: மர்ஃபிக்குத் தண்டவாளம் காலி, குறுக்கே ஆடு மாடு இல்லை. பஸ் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் கதி அதோகதி. யாரும் முயல வேண்டாம்.

அந்தப் பையன் இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை. தம்பி, பஸ்ஸை ஒட்டி வந்ததற்கு நீ பெஞ்சு மேல் நின்றது நியாயம். புளுகன் என்று நாற்பது பேர் முன்னால் சொன்னது என் தப்பு. நீ சொன்னது அத்தனையும் சரி. நம்பர் மாறிவிட்டதா? ஒரு போன் பண்ணு.