சூப்பர்மேனின் தோற்றம்

சூப்பர்மேன், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த எழுத்தாளர் ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் படைத்த சித்திரக்கதை நாயகன். 1938 ஏப்ரலில் கடைகளுக்கு வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அறிமுகமானான். அந்த இதழின் விலை 10 சென்ட். சூப்பர் ஹீரோ காமிக்ஸ் என்ற வகையே அதிலிருந்துதான் வேர்பிடித்தது.

சீகலும் ஷஸ்டரும் 1914இல் பிறந்தவர்கள். இருவருமே ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் நண்பர்களானார்கள். அறிவியல் புனைகதைப் பித்து அவர்களை இணைத்தது. பெரும் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. வரைதாள் வாங்க வழியில்லாத ஷஸ்டர், கிடைத்த பொட்டலத் தாள்களில்கூட வரைந்து பழகினார்.

1933 ஜனவரியில், தாங்களே நடத்திய சிற்றிதழில் ‘சூப்பர்மேனின் ஆட்சி’ என்ற சிறுகதையைச் சீகல் எழுதினார். அதில் வரும் சூப்பர்மேன் ஒரு வில்லன். இலவச உணவுக்கு வரிசையில் நின்ற ஏழை ஒருவனை விஞ்ஞானி அழைத்துச் சென்று சோதனைக்கு உட்படுத்துகிறார். பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் பெற்ற அவன் உலகையே ஆளத் துடிக்கிறான். இந்தப் பெயரை நல்லவன் ஒருவனுக்குச் சூட்டலாம் என்ற எண்ணம் அதன் பிறகே வந்தது. 1932இல் சீகலின் தந்தை, தம் துணிக்கடையில் நடந்த திருட்டின்போது மாரடைப்பால் இறந்தார். துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்சாத காவலன் ஒருவனை மகன் கற்பனை செய்ததற்கு இந்த இழப்பும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர்.

நாளிதழ்களுக்குச் சித்திரத் தொடர் வழங்கும் நிறுவனங்கள் இந்தப் புதிய நாயகனின் கதையை ஆண்டுக்கணக்கில் திருப்பி அனுப்பின. கடைசியில் காமிக்ஸ் பதிப்பகம் ஒன்று ஏற்றது. நாளிதழ்த் தொடராக வரைந்து வைத்திருந்த படங்களை வெட்டி ஒட்டி, 13 பக்கக் கதையாக்கிக் கொடுத்தார்கள்.

அந்தச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவான், அவ்வளவுதான். அவனைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் என்ற பொருளும் பின்னாளில், வானொலி நாடகத்தின் வழியே பரவலானது. முதல் கதையில் அவன் யாரை எதிர்த்தான் என்பதே முக்கியம். செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற பெண்ணைக் காப்பாற்றுகிறான். மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டிக்கிறான். அரசியல்வாதியை விலைக்கு வாங்குபவனை மிரட்டுகிறான். உலகை மிரட்டும் அசுரர்கள் எவரும் அதில் இல்லை. வறுமையையும் அநீதியையும் அருகிலிருந்து கண்ட இளைஞர்களின் கோபம்தான் அந்தப் பக்கங்களின் உண்மையான பலம்.

1939இல் நாளிதழ்த் தொடர், 1940இல் வானொலி, 1941இல் அசைபடம் என அவன் புகழ் பெருகியது. படைத்தவர்களுக்கோ அதில் உரிமை இல்லை. 1938 மார்ச்சில் வெறும் 130 டாலருக்கு அதைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1947இல் தொடுத்த வழக்கிலும் உரிமை மீளவில்லை. கதைகளிலிருந்து அவர்கள் பெயர்களும் நீங்கின. எளியோருக்காகப் போராடும் நாயகனைத் தந்தவர்களுக்கே நேர்ந்த இந்த அநீதி காமிக்ஸ் வரலாற்றின் பெருங்களங்கம். சூப்பர்மேன் திரைப்படம் தயாராவதை அறிந்த சீகல் 1975இல் தங்கள் நிலையை வெளிப்படையாக எழுதினார். ஓவியர்களும் எழுத்தாளர்களும் துணை நிற்க, அப்போது பதிப்பகத்தின் உரிமையாளராக இருந்த வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்குத் தலா 20,000 டாலர் ஓய்வூதியம் வழங்கவும், படைப்பாளிகளாக அவர்கள் பெயரை மீண்டும் அச்சிடவும் ஒப்புக்கொண்டது.