பல் எக்ஸ்ரேயில் அந்தக் கோணம் எதுக்கு? ஒரு நிழலின் 130 வருஷக் கதை

1/ பல் எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா? தலையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்வாங்க, வாயில் ஒரு சின்ன ஃபிலிமையோ சென்சாரையோ வைப்பாங்க, மெஷினின் குழலை அப்படி இப்படி சாய்ப்பாங்க. படம் எடுக்க ஒரு விநாடி கூட ஆகாது, சாய்ச்சு வைக்கிறதுக்குத்தான் நேரம். அந்தச் சாய்வுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கு. நான் பல் டாக்டர் இல்லை, பொது மருத்துவர்தான். ஆனா இது எல்லாருக்கும் தெரிய வேண்டிய வரலாறு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ 1895 நவம்பர் 8. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரோன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடிக்கிறார். டிசம்பர் 28-ல் அறிக்கை கொடுக்கிறார். அடுத்த மாசமே, 1896 ஜனவரியில், பிரான்ஷ்வைக் நகரைச் சேர்ந்த பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் தன் வாய்க்குள்ளேயே ஒரு கண்ணாடித் தகட்டை வைச்சு படம் எடுத்துக்கிட்டார். கருப்புத் தாளிலும் ரப்பரிலும் சுத்தின தகடு. கதிர் பாய்ந்த நேரம் 25 நிமிஷம்! அத்தனை நேரம் அசையாம கிடந்தார்.

3/ படம் வந்துச்சு. ஆனா அளவு? எக்ஸ்ரே என்பது புகைப்படம் இல்லைங்க, நிழல். உச்சி வெயிலில் உங்க நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். சாயங்காலம் அதே நிழல் தென்னை மரம் மாதிரி நீளும். நீங்க மாறலை, வெளிச்சம் வரும் கோணம்தான் மாறுச்சு. பல்லுக்கும் அதே கதிதான். கதிர் செங்குத்தா இறங்கினா வேர் குட்டையாத் தெரியும், படுத்து வந்தா நீண்டு தெரியும். வேர் சிகிச்சை செய்யிற டாக்டருக்கு ரெண்டு மில்லிமீட்டர் தப்பானாலே பெரிய தலைவலி.

4/ இதுக்குத் தீர்வு ஈசிதானேன்னு தோணும். ஃபிலிமைப் பல்லுக்கு இணையா வை, கதிரை நேரா விடு, முடிஞ்சுது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் 1896-லேயே இதைத்தான் சொன்னார். சிக்கல் எங்கே? மேல் அண்ணம் வளைவா இருக்கு. ஃபிலிமைப் பல்லோட ஒட்டி வைச்சா அது சாய்ஞ்சுடும். இணையா வைக்கணும்னா பல்லை விட்டுத் தள்ளி வாயின் நடுவுக்குக் கொண்டு போகணும். தள்ளிப் போனா நிழல் பெருத்து மங்கும். அதைச் சரி செய்ய கதிர்க் குழாயைத் தூரமா வைக்கணும். தூரம் இரண்டு மடங்கானா கதிரின் வலு நாலில் ஒரு பங்கு! அன்றைய மெஷினுக்கு அந்தச் சக்தி ஏது?

5/ அங்கேதான் பத்தாம் வகுப்புக் கணக்கு கைகொடுத்துச்சு. 1904-ல் வெஸ்டன் பிரைஸ் இணை முறை, பாதிக்கோண முறை ரெண்டையும் விவரிச்சார். 1907-ல் போலந்துக்காரர் ஆன்டோனி சியஷின்ஸ்கி அதை ஒரு விதியாவே வகுத்தார். பல்லும் ஃபிலிமும் சேர்ந்து ஒரு கோணம் உண்டாகுது இல்லையா? அதைச் சரிபாதியாப் பிரிக்கிற ஒரு கோட்டை மனசுக்குள்ள போடுங்க. கதிர் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தா வரணும். ரெண்டு பக்கமும் சர்வசம முக்கோணம். அதனால் நிழலின் நீளமும் பல்லின் நீளமும் ஒண்ணு. அவ்வளவுதான்! பல காலம் பல் மருத்துவ உலகம் இந்தக் கற்பனைக் கோட்டை நம்பித்தான் ஓடுச்சு.

6/ இந்த சியஷின்ஸ்கி பின்னால் லுவோவ் நகரில் பேராசிரியரானார். 1941 ஜூலையில் நாஜிப் படை அந்த ஊர்ப் பேராசிரியர்களைக் கொன்று குவிச்சப்போ அவரும் கொல்லப்பட்டார்.

7/ அடுத்து சார்லஸ் கிளார்க், 1910. முளைக்காத பல் எலும்புக்குள் நாக்குப் பக்கம் இருக்கா, கன்னத்துப் பக்கம் இருக்கா? ஒரு தட்டைப் படத்தில் எப்படித் தெரியும்? அவர் சொன்ன வழி: ரெண்டு படம் எடு, நடுவில் குழாயைக் கொஞ்சம் நகர்த்து. பஸ் ஜன்னலில் பார்த்திருப்பீங்க, பக்கத்துப் பனைமரம் பின்னால் ஓடும், தூரத்து மலை நம்மோடயே வரும். அதே கணக்கு. குழாய் போன திசையிலேயே நகர்ந்தா அது நாக்குப் பக்கம், எதிர்த்திசைன்னா கன்னத்துப் பக்கம். இன்னிக்கும் இந்த விதியைப் பயன்படுத்துறாங்க.

8/ இப்போ கெல்ஸ் கதைக்கு வரணும். மனசு கனக்கும் பகுதி இது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் குழாயைச் சரிபார்க்கணும். எப்படி? தன் கையைக் கதிருக்கு நேரா நீட்டி, எலும்பு தெளிவாத் தெரியிற வரைக்கும் திருகிட்டே இருப்பாங்க. தினமும், வருஷக்கணக்கா. கெல்ஸுக்குக் கையில் புற்றுநோய் வந்துச்சு. அறுவை மேல் அறுவை. விரல்கள், பிறகு கை என்று ஒவ்வொன்றாகப் போச்சு. வலி தாங்காம 1928 மே மாதம் தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார்.

9/ யாரும் எச்சரிக்கலையா? எச்சரிச்சாங்க. பாஸ்டன் பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ் 1901-லேயே கினிப் பன்றிகளை வைச்சுச் சோதிச்சு, தீக்காயம் தெரியாமலே கதிர் உயிரைக் கொல்லும்னு எழுதினார். குழாயை ஈயப் பெட்டிக்குள் வைங்க, ஈயக் கண்ணாடி போடுங்கன்னு சொன்னார். கேட்டவங்க ரொம்பக் குறைவு.

10/ மெதுவாத்தான் மாற்றம் வந்துச்சு. 1913-ல் கூலிட்ஜின் புதுக் குழாய் வந்ததும், கையை நீட்டிச் சோதிக்கிற வேலை தேவையில்லாமப் போச்சு. 1925-ல் ஹோவர்ட் ரேப்பர், நோயாளியே பல்லால் கடிச்சுப் பிடிக்கிற ஃபிலிமைக் கொண்டு வந்தார். பல் இடுக்குச் சொத்தை அதில் பளிச்சுன்னு தெரியும், ஃபிலிமைப் பிடிக்க யார் விரலும் வேணாம். மெக்கார்மாக் முயன்று பார்த்த இணை முறையை 1947-ல் ஃபிட்ஸ்ஜெரால்ட் நீளக் குழலோட நடைமுறைக்குக் கொண்டு வந்தார். கெல்ஸ் 1896-ல் சொன்ன யோசனை, சுமார் 50 வருஷம் கழிச்சு!

11/ இதில் நமக்கு என்ன? கோணம் தப்பினா படம் வீண், திரும்ப எடுக்கணும், அதாவது திரும்பவும் கதிர். அதனால "அசையாதீங்க"ன்னு சொன்னா அசையாதீங்க. ஃபிலிம் குத்துதுன்னு நாக்கால் தள்ளாதீங்க. அதுக்கான பிடிப்பான் இருந்தா அதையே கேளுங்க. ஊழியர்கள் யாரும் ஃபிலிமை வாய்க்குள் கையால் பிடிச்சுக்கிட்டு நிக்கக்கூடாது. குழந்தை அடம்பிடிச்சாலும் கூடாது.

12/ பயப்படவும் வேண்டாம். இன்றைய டிஜிட்டல் முறையில் ஒரு சின்னப் பல் படத்தில் கிடைக்கிற கதிர், இயற்கையா நமக்குச் சுமார் ஒரு நாளில் கிடைக்கிற அளவுதான். கர்ப்பமா இருந்தா டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லுங்க, ஆனா அதுக்காகச் சீழ் பிடிச்ச பல்லை மாசக்கணக்கில் தள்ளிப் போடாதீங்க. இவ்வளவு குறைஞ்ச கதிரில் இவ்வளவு தெளிவான படம் நமக்குக் கிடைக்குதுன்னா, அதில் கெல்ஸோட கையும் இருக்கு.

பல் வலி இருக்கிறவங்க முதல்ல பல் டாக்டரைப் பாருங்க, லைக் அப்புறம் போடலாம்.