கேமரா யார் கையில் இருந்தது?

அலுவலக வேலையாக அமெரிக்கா போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்துக்குப் போனேன். உள்ளே ஓரிடத்தில் நாலைந்து பேர் நெஞ்சளவு சுவர் ஒன்றைச் சுற்றி நின்று, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் எட்டிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் திரைகள். அவற்றில் ஓடியதை இங்கே விவரிக்கப்போவதில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற சிறுமிக்கு அது எதுவும் தெரியவில்லை. சுவர் அவளைவிட உயரம்.

பத்து வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் நான். என் புத்தி உடனே போன இடம் வேறு: இது ஒரு டிஃபால்ட் செட்டிங். இங்கே ஆட்டோபிளே கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் நீங்களே நடந்து வந்து, நின்று, குனிய வேண்டும். யாரோ உட்கார்ந்து யோசித்து, சண்டை போட்டு எடுத்த முடிவு இது. அது யார் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

1978இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அமைத்த ஆணையத்திலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. முகாமிலிருந்து உயிர் மீண்ட எழுத்தாளர் எலி வீசல் அதற்குத் தலைவர். அருங்காட்சியகம் திறந்தது 1993 ஏப்ரலில். நடுவில் 15 வருஷம். கட்டடம் ஜேம்ஸ் இங்கோ ஃப்ரீட் வரைந்தது, காட்சி வடிவமைப்பு ரால்ஃப் ஆப்பெல்பாம். ஆனால் எனக்கு ஆச்சரியம் தந்தது, காட்சிக்கூடத்தின் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் என்பதுதான். இயக்குநர் ஷைக்கே வைன்பர்க் அதற்கு முன்னால் டெல் அவிவில் நாடக அரங்கு ஒன்றை நடத்தியவர். நிரந்தரக் காட்சியை உருவாக்கிய பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் மார்ட்டின் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்குநர். அவருக்குப் பின் ரே ஃபார். இவர் 'தி வேர்ல்ட் அட் வார்' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடருக்குப் பழைய படச்சுருள்களைத் தேடிக் கொடுத்தவர். அதாவது பொருள்களைச் சேகரிக்கிறவர்களிடம் அல்ல, படம் வெட்டி ஒட்டுகிறவர்களிடம் போனது பொறுப்பு. கதை சொல்லும் அருங்காட்சியகம் வேண்டும் என்பது வைன்பர்க்கின் எண்ணம்.

படம் வெட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஷாட்டும் ஓர் ஆள் நின்ற இடத்திலிருந்து எடுத்தது. அந்த ஆள் யார்?

நாஜிக் காலப் படச்சுருள்களில் இந்தக் கேள்வி கழுத்தைப் பிடிக்கும். 1941இல் லாட்வியாவின் லியெபாயா கடற்கரையில் யூதர்களைச் சுட்டுக் கொன்றதை ரைன்ஹார்ட் வீனர் என்ற ஜெர்மன் கடற்படைக்காரர் தன் 8 மி.மீ. கேமராவில் எடுத்தார். இரண்டு நிமிடம்கூட வராது. அப்படிப்பட்ட கொலைகளுக்கு அசையும் படமாக எஞ்சியிருப்பது மிகமிகக் குறைவு என்பதால் அது விலைமதிப்பற்ற சாட்சி. ஆனால் கேமரா நிற்பது சுடுகிறவர்கள் பக்கம். நாம் பார்க்கும்போது நாமும் அங்கேதான் நிற்கிறோம். 1942இல் வார்சா கெட்டோவுக்குள் நாஜிக்களின் படக்குழு போய், பட்டினிக்கு நடுவே 'பணக்கார' யூதர்கள் விருந்து சாப்பிடுவதுபோல நடிக்க வைத்தே எடுத்தது. சாட்சியே பொய் சொல்லும்.

இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு ஓர் அருங்காட்சியகம் என்ன செய்யும்? காட்டாமல் விட்டால் நடக்கவேயில்லை என்று சொல்கிறவர்களுக்கு வசதி. சும்மா காட்டினால் செத்தவர்களை இன்னொரு முறை அம்மணமாக நிறுத்துவது. நான் பார்த்த சுவர் அந்த இரண்டுக்கும் நடுவில் கட்டியது.

சுவர் மட்டுமில்லை. ஆஷ்விட்ஸில் பெண்களின் தலையிலிருந்து மழித்த முடியைக் காட்சிக்கு வைப்பது பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. முடி நேரில் இருந்தால்தான் உறைக்கும் என்றார்கள் சிலர். உயிர் மீண்ட பெண்கள் சிலர் மறுத்தார்கள்: அது எங்கள் அம்மாவுடையதாக இருக்கலாம். கடைசியில் முடி வரவில்லை, அதன் புகைப்படம் மட்டும் சுவரில் இருக்கிறது. வாக்கெடுப்பில் தோற்கக்கூடிய தரப்பின் பேச்சு அங்கே ஜெயித்திருக்கிறது.

இன்னொன்று, ஆஷ்விட்ஸ் பகுதியில் இருக்கும் ஒலி அறை. உட்கார இருக்கை, அங்கே இருந்து மீண்டவர்களின் குரல்கள், அவ்வளவுதான். படமே இல்லை. வீடியோ எடுக்கத் தெரிந்த குழு, அருங்காட்சியகத்தின் மிகக் கனமான இடத்தில் வீடியோவை அணைத்துவிட்டது. ரொட்டி, செருப்பு, குளிர் என்று சாதாரண விஷயங்களைச் சொல்லும் குரல்களுக்கு நடுவே மூச்சு வாங்கும் சத்தமும் கேட்கிறது. அங்கே கேமரா யார் கையில் என்ற கேள்வி இல்லை. சொல்கிறவர் சொல்கிறார், நாம் கேட்கிறோம்.

குளோத் லான்ஸ்மான் இந்தப் பாதையில் கடைசி வரைக்கும் போனவர். 1985இல் வந்த அவருடைய 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதில் ஒரு பழைய படத்துணுக்கு கிடையாது. பேசும் முகங்களும் இன்றைய நிலமும் மட்டும். எரிவாயு அறைக்குள் எடுத்த படச்சுருள் கிடைத்தாலும் அழித்துவிடுவேன் என்று சொன்னவர் அவர். ஆனால் அவர் பயன்படுத்தாமல் விட்ட சுமார் 220 மணி நேரக் காட்சிகளை 1996இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. ரே ஃபார்தான் அப்போது அதன் படக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர். ஆவணமே வேண்டாம் என்றவரின் மிச்சம் ஆவணமானது. எனக்கு இதில் லான்ஸ்மான் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனாலும் அழிக்காமல் வைத்திருக்கிறவர் பக்கம்தான் நான்.

ஏன் என்று சொல்ல ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். 2011இல் சேனல் 4 'ஸ்ரீலங்காவின் கொலைக்களங்கள்' ஆவணப்படத்தை ஒளிபரப்பியபோது நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். பென் டிரைவில் அறை அறையாக வந்தது. ஒரு லேப்டாப், ஒன்பது பேர். அதில் சில காட்சிகள் சிப்பாய்களே வெற்றிச் சின்னமாகக் கைப்பேசியில் எடுத்தவை என்று அந்தப் படமே சொன்னது. "டேய், அந்த இடத்த மறுபடி போடுடா" என்று ஒருத்தன் கேட்டான். போட்டது நான். கோபத்தில்தான் பார்த்தோம். ஆனால் எங்கே நின்று பார்த்தோம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

போன மே மாதம் நண்பர்கள் ஒரு சின்ன மண்டபத்தில் நினைவுக் காட்சி வைத்தார்கள். "வீடியோ, ஆடியோ எல்லாம் நீ பாத்துக்கோ மச்சான்" என்று நாலு பேரை என்னிடம் விட்டார்கள். பெரிய திரையில் போடலாம் என்றான் ஒருவன். நான் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மானிட்டர், மூலையில் குரல்கள் மட்டும் என்றேன். "மறைச்சு வைக்கவா இத்தன பேரு செத்தாங்க?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இப்போதும் இல்லை. முகாமிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர்தான் முடித்துவைத்தார்: "தம்பி, அதில கிடக்கிறது ஆரெண்டு எங்களுக்குத் தெரியும். பேர் தெரியாத ஆக்களுக்கு முன்னால பெரிசாப் போடாதேங்கோ."

தடுப்பு வைத்தோம். அன்று சாயங்காலம் ஒரு பையன் அப்பாவின் கையை இழுத்து, தூக்கிக் காட்டச் சொன்னான். அப்பா முதலில் தான் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பையனைத் தூக்கவில்லை. "பெருசானதும் நான் சொல்றேன்" என்று சொல்லி, குரல்கள் ஓடிய மூலைக்கு அவனைக் கூட்டிப்போய் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்.