திருமுக்கூடல் ஆதுரசாலையும் கடுக்காயும்

உத்திரமேரூர் வட்டத்துத் திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமான 15 படுக்கை ஆதுரசாலை (மருத்துவமனை), ஒரு வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், மருந்தூட்டும் பெண்கள், இரவு முழுக்க எரியும் விளக்குக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. மருந்துப் பட்டியலில் தசமூல ஹரீதகி போன்ற கடுக்காய் மருந்துகள் ஒன்றுக்கு மேல் வருகின்றன.

கடுக்காய்க்குத் துவர்ப்பைத் தரும் டானின்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. ரத்தக்குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயைத் தளர்த்துகிறது. ஆக்சிஜனேற்றம் மிகுந்தால் நைட்ரிக் ஆக்சைடு அழிந்து சுவர் பழுதாகிறது. கல்வெட்டையும் இந்த அறிவியலையும் முடிச்சுப் போட்டு, சோழர் காலத்திலேயே இதய நோய்க்கு மருந்து இருந்தது என்று சொல்லிவிடலாம். நான் அதை ஏற்கவில்லை. அதேபோல் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதாக ஆய்வகத்தில் நம்பிக்கையூட்டிய வைட்டமின் ஈ, 9,000க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டு 2000இல் முடிவு வெளியானபோது, மாரடைப்பைக் குறைக்கவில்லை என்றே தெரிந்தது. ஆயிரம் ஆண்டுப் பழக்கமே சான்றாகாதா என்றால், கல்வெட்டு சொல்வது மருந்தின் இருப்பைத்தான்; குணமானவர் கணக்கை அல்ல. ஆனால் மூலிகை சுமந்தவருக்கும் நெல்லும் காசும் இவ்வளவு என்று கல்லில் வெட்டிவைத்தார்களே, அந்த ஏற்பாட்டை எந்தச் சோதனையும் பொய்யாக்க முடியாது.